ஒரு தட்டு குறைக்கும் பானை

“அப்பா, இன்னிக்கு நீங்க கடைசியா சாப்பிடுங்க” என்றேன். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

எங்கள் மண்பானையில் எவ்வளவு அரிசி போட்டாலும் ஒரு ஆள் சோறு குறையும். நால்வருக்கு மூன்று தட்டு. அண்ணன் ஊரில் இல்லாத வாரம் மூவருக்கு இரண்டு. வேறு எதற்காவது ஆகட்டும் என்று எலுமிச்சம்பழம் போட்டு வைத்தேன். அதிலும் ஒன்று குறைந்தது. அந்தப் பானைச் சோறுதான் ருசி என்று அப்பா வேறு பாத்திரத்தைத் தொட விடமாட்டார். பட்டினி எப்போதும் அம்மாதான்.

“நாலெழுத்து படிச்சதும் வாய் நீளுதோ?” என்றார் அப்பா. அவருக்கு முந்தி அம்மா, அண்ணன், நான் மூவரும் போட்டுக்கொண்டதும் பானை காலி. “உன் தட்ட இங்க தள்ளுடி” என்றார் அம்மாவிடம். அவள் தள்ளினாள்.

வேலை கிடைத்த ஊரில் நேற்றே அறை பிடித்திருந்தேன். அம்மாவின் புடவைகளும் என் பெட்டியில்தான் இருந்தன. கையைப் பிடித்து அவளை எழுப்பினேன்.

“அப்போ இந்தப் பானை?” என்றான் அண்ணன்.

“வச்சுக்கோங்க. இனிமே நீங்க ரெண்டே பேருதானே” என்று சொல்லிவிட்டு அம்மாவோடு படியிறங்கினேன்.