மூன்றெழுத்துக்கு முழ நீளக் குறிப்பு

கல்யாணமான புதிதில், "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று மனைவி ஆரம்பித்தபோது பல் டாக்டர் தடுத்துவிட்டார்.

"நீ வாயைத் திறக்கவே வேண்டாம்மா. ஜாடையா ஒரு குறிப்புக் குடு, கப்புனு பிடிச்சுக்குவேன். பத்து வயசுலேர்ந்து குறுக்கெழுத்துப் போடுறவன் நான்!"

ஊரையே வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவர் பேசிய பேச்சு இது. அவள் கேட்க நினைத்தது ஒன்பது வருடமாகத் தொண்டையிலேயே நின்றது.

இந்த ஞாயிறும் டாக்டர் குளித்துவிட்டு ஓடி வந்தார். கையிலிருந்ததைக் கட்டிலில் வீசிவிட்டு, வாரப் பத்திரிகையின் புதிர்ப் பக்கத்தில் விழுந்தார்.

"இதைக் கேளேன்! 'குளித்தவர் காய்ந்தாலும் இவர் காயமாட்டார். கட்டிலென்றால் காதல். பக்கத்தில் படுப்பவளின் முதுகை நனைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா போலச் சுருண்டு கிடப்பார்.' மூணே எழுத்து. துண்டு!"

"போன வாரம் என்ன வந்துது?"

"'மூக்கால் கச்சேரி. பாடுபவர் தூங்குவார், கேட்பவர் தூங்கமாட்டார்.' குறட்டை! அந்த வீட்டுல எந்தத் தடிமாடு இருக்கோ, பாவம்!" டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதை எழுதுற ஆளைப் பாத்தா கையைப் பிடிச்சுக் குலுக்கணும்."

மனைவி கையை நீட்டினாள்.

"குலுக்குங்க."

டாக்டரின் வாய் தானாகத் திறந்தது.

"நாப்பது வாரமா எழுதுறேன். ஒரு விடைகூடத் தப்பாம அனுப்புறீங்க. கோடி காட்டிப் பாத்தாச்சு, இப்ப நேராவே கேக்குறேன். அந்த ஈரத்துண்டைக் கொடியில போடுங்க!"