பதினஞ்சு கோல் மெட்டி

"பதினஞ்சு கோல் விட்டவன் நம்ம பசங்களுக்கு கோல்கீப்பிங் சொல்லித்தரப் போறானாம். தீயணைப்பு வண்டிக்கு தீப்பெட்டி வியாபாரியை டிரைவராப் போடுற மாதிரி இருக்கு."

கிளப் தலைவர் கஸ்ட் இப்படிச் சொன்னதும் கேன்டீனே சிரிச்சுது. ஞாயித்துக்கிழமை காலை, பூசை முடிஞ்ச கையோட ஆண்டுக் கூட்டம். ஆளுக்கொரு பீர்.

அந்தப் பதினஞ்சை விட்ட கீப்பர் மெட்டியும் சேந்து சிரிச்சாரு. இருபத்தேழு வருஷமா சிரிச்சுப் பழகின வாய்.

லக்சம்பர்க்ல எங்களது இரும்பாலை ஊரு. ஐரோப்பிய கிளப் கோப்பையில நாங்க ஆடினது ஒரே ஒரு தடவை. ஆலையில லீவு சொல்லிட்டு பதினோரு பேரு ஸ்பெயினுக்கு ரயில் ஏறினாங்க. பதினஞ்சுக்கு பூஜ்யம்னு தோத்துட்டு இறங்கினாங்க. ஒரே ஆட்டத்துல அதிக கோல் விட்ட கீப்பர்னு கோப்பையோட சாதனைப் பட்டியல்ல மெட்டி பேரு ஏறிடுச்சு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எங்க ஊர்க்காரன் எவன் பேரும் எந்தப் பட்டியல்லயும் ஏறினதில்லை.

அன்னிக்கு கேப்டன், இதே கஸ்ட்தான்.

வருஷா வருஷம் கிளப் விருந்துல மெட்டிக்கு கஸ்ட் ஒரு பரிசு குடுப்பாரு. வலைப்பையில பதினஞ்சு உருளைக்கிழங்கு. "எண்ணிப் பாத்து வாங்கிக்கடா. ஒண்ணு குறைஞ்சாலும் சாதனை போயிடும்." மெட்டி வாங்கிட்டுப் போய் சூப் வெப்பாரு.

இப்ப ஆலையை மூடிட்டாங்க. மெட்டி வாய் திறந்து கிளப்ல கேட்டது இது ஒண்ணுதான்: சம்பளம் வேண்டாம், சின்னப் பசங்களுக்கு கீப்பிங் சொல்லித்தர்றேன். அதுக்குத்தான் இன்னிக்கு வோட்டு.

வோட்டுக்கு முன்னாடி கஸ்ட் ஒரு விருந்தாளியை அறிமுகப்படுத்தினாரு. ஹார்ட்விக்னு ஒரு ஜெர்மன்காரர். கோப்பையோட புள்ளிவிவரத்தையெல்லாம் தொகுத்து புத்தகம் போடுறவர். நல்லா யோசிச்சு வரவழைச்சிருந்தாரு தலைவர். கை தூக்குறதுக்கு முன்னாடி ஊருக்கு அந்தப் பதினஞ்சை ஒரு தடவை ஞாபகப்படுத்தணுமில்ல.

"சாதனையாளரை ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," ஹார்ட்விக் கேமராவை எடுத்தாரு. "பந்து புடிக்கிற மாதிரி ரெண்டு கையையும் மேல தூக்குங்க சார்."

வலது கை மேல போச்சு. இடது கை தோளோட நின்னுடுச்சு.

"பாத்தீங்களா," கஸ்ட் கண்ணடிச்சாரு. "பாதி கோல் அந்தப் பக்கமாத்தான் போயிருக்கும்."

மறுபடி சிரிப்பு.

"எப்ப இருந்து சார் இப்படி?" ஹார்ட்விக் கேட்டாரு.

மெட்டி யோசிக்காம சொல்லிட்டாரு. "ஸ்பெயின்லதான். மூணாவது கோல் விழும்போது கம்பத்துல மோதினேன். தோள் எலும்பு போச்சு. அப்படியே ஸ்ட்ரெச்சர்ல வெச்சு வெளிய..."

பாதியில நிறுத்திட்டாரு. ஆலையில அடிபட்டதுன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சிட்டிருந்தோம்.

ஹார்ட்விக் கேமராவைக் கீழ வெச்சாரு. அந்த மனுஷனுக்கு கணக்கு இடிச்சா தூக்கம் வராது போல.

"மூணாவது கோலுக்கே வெளிய போயிட்டீங்கன்னா, மிச்சம் பன்னெண்டு? அப்பல்லாம் மாத்து ஆள் இறக்க விதியே கிடையாது. கீப்பர் விழுந்தா, களத்துல நிக்கிற ஒருத்தர்தான் அந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு கோல்ல நிக்கணும். யாரு நின்னது?"

ஹார்ட்விக் கஸ்ட் பக்கம் திரும்பினாரு.

"தலைவரே, நீங்கதானே கேப்டன். யாரை நிறுத்தினீங்க?"

கஸ்ட் பீரை எடுத்துக் குடிச்சாரு. கிளாஸ்ல பீர் தீர்ந்து ரொம்ப நேரமாச்சு. கூட ஆடினவங்கள்ல ரெண்டு பேரு அங்க இருந்தாங்க. ரெண்டு பேரும் கூரையில ஒட்டடை இருக்கான்னு ஆராய ஆரம்பிச்சுட்டாங்க.

"பழைய சமாச்சாரம். இப்ப எதுக்கு அது..." கஸ்ட் தொண்டையைச் செருமினாரு.

"அந்தச் சட்டை என்னோடது சார்," மெட்டி சொன்னாரு. "அதைத் தாண்டிப் போன கோலெல்லாம் என் கணக்குதான். பதினஞ்சுன்னே போட்டுக்கோங்க."

"சாதனை தப்பாயிடுமே சார்."

"இத்தனை வருஷம் யாருக்காவது வயித்தை வலிச்சுதா? இருந்துட்டுப் போகட்டும்."

ஹார்ட்விக் மெட்டியைப் பாத்தாரு, கஸ்டைப் பாத்தாரு. அப்புறம் கேமராவை உறையில போட்டு மூடிட்டாரு.

செயலாளர் மேசையைத் தட்டினாரு. "மெட்டி கோச்சா வரணும்னு நினைக்கிறவங்க கை தூக்கலாம்."

முதல்ல தூக்கினது தலைவர். சட்டப்படி ஒரு கை போதும். அவர் ரெண்டையும் தூக்கியிருந்தாரு. அதைப் பாத்து மத்த கையெல்லாம் பின்னாலயே மேல வந்துச்சு.

மெட்டி எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு, கஸ்ட் காதுகிட்ட குனிஞ்சாரு. பக்கத்து நாற்காலியில இருந்த எனக்கு மட்டும் கேட்டுச்சு.

"ரெண்டு கையும் என்னமா மேல போகுது கஸ்ட். அன்னிக்கு இப்படித் தூக்கியிருந்தா, பன்னெண்டுல நாலையாவது தடுத்திருப்பே."