நூறும் கொசுறும்

எண்பதைத் தொட்டதும், வழக்கம்போல, என் பக்கத்துக் கதவு நடுங்கத் தொடங்கியது.

"புடிச்சிக்கிடுங்க," என்றாள் ஷைஜா.

எதை என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் போகும் சாலை. ஆடி மாதம், சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. ஓட்டுவது என் மனைவி. ஓடுவது, கல்யாணத்துக்கு முன்பே அவள் தன் சம்பளத்தில் வாங்கிய எண்ணூறு சிசி குட்டிக் கார். அந்த வகையில் எனக்கு மூத்தது.

நாகர்கோவிலில் என் பாத்திரக் கடை வாசலில் அதை நிறுத்தினால், சொட்டை விழுந்த அண்டா என்ன விலை என்று கேட்கிறார்கள். விற்றுவிடலாம் என்றேன். மார்த்தாண்டத்தில் செல்வதாஸ் என்று ஒருவரையும் பிடித்துவிட்டேன். இன்று ஐந்து மணிக்கு வருகிறார், வண்டியைக் கொண்டுபோக.

ஷைஜா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவள். அழவில்லை. சண்டை போடவில்லை. என் கடையிலிருந்த பெரிய எவர்சில்வர் புனலை எடுத்து, அதன் மூக்கை அறுத்தாள். சமையலறைச் சிம்னிக்கு மாட்டும், வளைகிற அலுமினியக் குழாய் ஒன்று வாங்கினாள். புனலின் வாயை முன்பக்கக் கம்பிவலைக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்து நிறுத்தி, குழாயால் அதை ஏர் ஃபில்டர் பெட்டியோடு சேர்த்துக் கட்டினாள்.

"ஓட ஓட காத்து தானா இடிச்சி உள்ள கேறும். எஞ்சினு நல்லா மூச்சு விடும். ரேஸ் காருக்கு வைக்கியதாக்கும்."

"ரேஸ் காருல எண்ணெய் ஊத்துத புனலா வைக்கியான்?"

வேகம் கூடினால் விற்கக் கூடாது என்றாள். எவ்வளவு கூடினால்?

வடசேரிச் சந்தையில் தவழ்ந்து வளர்ந்தவனிடம் வந்து பேரம் பேசினாள். நான் நூற்றுப்பத்து என்றேன். அவள் தொண்ணூறு என்றாள். கடையைச் சாத்தப் போகிறவன்போல எழுந்தேன். நூறில் முடிந்தது.

பத்து ஏற்றிவிட்ட சந்தோஷத்தில், கடைசியாக அவள் கேட்ட கொசுறைத் தாராளமாகவே கொடுத்தேன். நாளும் பாதையும் அவள் சொல்வது.

ஏழு வருடமாக அந்த வண்டியின் வேக முள் எண்பத்தைந்தைத் தாண்டியதில்லை. இருந்தாலும் சரக்கைப் பார்க்காமல் வியாபாரி இருப்பானா? காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பானெட்டைத் திறந்து நானும் ஒருமுறை பார்த்தேன். சுத்தமான வேலை. நிம்மதியாக மூடினேன்.

கிளம்பும்போது கேட்டாள், "துவர்த்து எங்க? கழுத்துல காணலியே."

"துண்டுதானே, கொடியில கெடக்கும்," என்றேன்.

எண்பத்தைந்து.

கதவு நடுங்குவதை விட்டுப் பாட ஆரம்பித்தது.

எண்பத்தொன்பது. முன்னாலிருந்து ஒரு சத்தம், யாரோ சங்கு ஊதுவதுபோல. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

"கேக்குதா? காத்து கேறுதாக்கும்!" என்று கத்தினாள்.

தொண்ணூற்றிரண்டில் வாழைக்குலை லாரி ஒன்றைத் தாண்டினோம். டிரைவர் தலையை வெளியே நீட்டி, தன்னைத் தாண்டியது எது என்று நம்பாமல் பார்த்தார்.

தொண்ணூற்றாறு. நாற்பத்தாறு வயது இயற்பியல் டீச்சர் சீட்டில் குதித்துக் குதித்து, "போ மக்கா, போ மக்கா" என்று ஸ்டியரிங்கைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோற்கப் போகிறவன் சிரிக்கக் கூடாதுதான். வயிறு கேட்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் பார்த்தால், நானும் டாஷ்போர்டை அடித்து "போலே! போலே!" என்று கூப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நூறு.

முள் தொட்டது. நின்றது. நூற்றிரண்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

முப்பந்தலில் ஓரம் கட்டினாள். இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம், என்னவோ நாங்கள்தான் ஓடி வந்ததுபோல. எனக்கு வேர்த்துக் கொட்டியது. கதவைத் திறந்ததும் காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கி முன்னால் எறிந்தது. இறங்கிய அவளுடைய சேலைத் தலைப்பும் முன்னால்தான் பறந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் நின்ற காற்றாலைகள் எல்லாம் எங்களைப் பார்த்து நின்று சுற்றிக்கொண்டிருந்தன.

காற்றாலை, காற்று வரும் பக்கத்தைப் பார்த்துத்தான் நிற்கும்.

அப்படியானால் ஆடிக் காற்று முழுக்க எங்கள் முதுகில். ஆரல்வாய்மொழிக் கணவாயே வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. திரும்பிப் போகும்போது இதே வண்டி எழுபதைத் தொடாது.

நாளும் பாதையும். கொசுறு!

"ஏட்டி, இது கள்ளாட்டம்லா! காத்துல்லா தள்ளிட்டு வந்திருக்கு! இந்தப் பந்தயம் செல்லாது, கேட்டியா?"

அவள் கைப்பையைத் திறந்தாள்.

"வேத்து ஊத்துது. மொதல்ல மொகத்தத் தொடைங்க."

நீட்டியது என் துவர்த்து.

காலையில் நான் புனலுக்குள் சுருட்டித் திணித்த மடிப்பு அதில் அப்படியே இருந்தது.

முகத்தைத் துடைத்தேன். துவர்த்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, செல்வதாஸுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன்.