முன்னூற்றுப் பன்னிரண்டாவது தடவை

மாப்பிள்ளை மறுபடியும் உட்கார்ந்தார்.

சோதனைக்கூடத்தில் அந்தப் பொம்மைக்கு அதுதான் பெயர். இடுப்புக்கு மேலே ஒன்றும் கிடையாது. கீழே ரப்பரில் இரண்டு கால்கள், அதற்கொரு ஜீன்ஸ் பேண்ட். பாக்கெட்டில் போனை வைத்துவிட்டால் இயந்திரம் அவரை நாற்காலியில் உட்காரவைக்கும், எழுப்பும், மறுபடி உட்காரவைக்கும். ஆயிரம் தடவை. உட்கார்ந்து எழுவதற்கே ஓர் உத்தியோகம் என்று கூடத்தில் கேலி செய்வார்கள்.

இன்று கேலி செய்ய ஆளில்லை. சோதனைப் பொறியாளரான அவளும் அவளுடைய மேலதிகாரியும் மட்டும்தான்.

நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தொன்று.

மேசையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கருகிய போன் கிடந்தது. நிறுவனத்தின் ஆக மெல்லிய மாடல். பாக்கெட்டில் இருப்பதே தெரியாது என்று விளம்பரம் செய்து விற்றது. நடுவில் வளைந்து, வளைந்த இடத்தில் வாய் பிளந்திருந்தது.

அதன் சொந்தக்காரர் ஒரு பஸ் டிரைவர். ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் அவருடைய பாக்கெட் புகைந்திருக்கிறது. தொடை வெந்துகொண்டிருக்கும்போதே, நாற்பத்திரண்டு பயணிகளோடு வண்டியை ஓரங்கட்டி, கைபிரேக்கை இழுத்த பிறகுதான் மனுஷர் கீழே குதித்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் எழுதிய புகார்க் கடிதம் மூன்றே வரி. 'முன்பாக்கெட்டில்தான் வைத்திருந்தேன். கீழே போடவில்லை, அதன்மேல் உட்காரவும் இல்லை. வழக்கம்போல் வண்டி ஓட்டினேன், அவ்வளவுதான்.'

நிறுவனம் பதிலைத் தயாராக வைத்திருந்தது. அளவுக்கு மீறி அழுத்தியது உபயோகித்தவரின் தவறு. அதற்குத் துணையாக ஒரு சோதனை அறிக்கை வேண்டும். அதை எழுத வேண்டியவள் அவள்.

நேற்று அதே மாடலில் ஒரு புதுப் போனை வைத்து ஆயிரம் தடவையும் ஓட்டினாள். போன் அசரவில்லை. மேலதிகாரி நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. இன்று காலையில் வந்ததும் வராததுமாக, இன்னொரு புதுப் போனை முன்பாக்கெட்டில் வைத்து, மாப்பிள்ளையின் வலது காலைக் கொஞ்சம் திருப்பி, உட்காரும்போதெல்லாம் பாதம் முன்னால் அழுந்தும்படி மாற்றிவைத்தாள்.

"அப்படித் திருப்பி வைக்கணும்னு விதியில எங்கம்மா இருக்கு?"

"பஸ் ஓட்டுறவர் காலை அசைக்காம எப்படி சார் பிரேக் போடுவார்?"

அவர் கைகளைக் கட்டிக்கொண்டு எண்காட்டியைப் பார்த்தபடி நின்றார்.

இருநூற்று எழுபது.

போன் வளைந்துவிட வேண்டும் என்று நினைக்கிறாளா, வளைந்துவிடக் கூடாது என்றா, அவளுக்கே தெரியவில்லை.

முன்னூறு.

முன்னூற்றுப் பதினொன்று.

டக்.

விரலைச் சொடுக்கியது போன்ற சத்தம். அவ்வளவுதான். அவள் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். மாப்பிள்ளை எழுந்தும் எழாமலும் பாதியில் நின்றார். ஜீன்ஸ் துணிக்குள்ளிருந்து காரமான நெடி.

இடுக்கியால் போனை உருவி மணல் தொட்டியில் போட்டு, மேலே இன்னும் மணலைக் கொட்டினாள். மணலைத் துளைத்துக்கொண்டு புகை நூலாக எழுந்தது.

எண்காட்டியில் முன்னூற்றுப் பன்னிரண்டு.

இத்தனை தடவை பிரேக் மிதிக்க ஒரு டிரைவருக்கு ஒரு வேலைநாள்கூட ஆகாது.

இதே மாடலை மூன்று லட்சம் பேர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். இந்த நிமிஷம் அவர்களில் எத்தனை பேர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள்?

மேலதிகாரி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அலமாரியிலிருந்து உறை பிரிக்காத ஒரு பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"மாப்பிள்ளை காலை நேரா வச்சு, இன்னொன்னைப் போட்டுப் பாரு. உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்."

குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. அதட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் கை பெட்டிக்குப் போனது. உறையைக்கூடப் பாதி பிரித்துவிட்டாள்.

பிறகு அதை அப்படியே தள்ளிவைத்துவிட்டு அறிக்கைத் தாளை இழுத்தாள்.

'சாதாரண உபயோகத்திலேயே வளைகிறது. வளைந்தால் தீப்பிடிக்கிறது. விற்பனையை உடனே நிறுத்தி, விற்றவற்றைத் திரும்பப் பெற வேண்டும்.'

ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். கையெழுத்து கோணவில்லை.

அறிக்கையோடு அந்த மாடலின் பழைய ஒப்புதல் தாளையும் இணைக்க வேண்டும். கோப்புகள் அடைந்திருந்த அலமாரியில் அவள் தேடவே இல்லை. நேரே கையை விட்டு உருவினாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய தாள். இருபது போன்கள், இருபதும் தேர்ச்சி. ஏழாவது போனுக்கு நேரே மட்டும் ஓர் அடித்தல் திருத்தல்.

அன்றைக்கு ஏழாவது போன் லேசாக வளைந்தது. ஏதோ அந்த ஒரு பீஸில் குறை என்று அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை வைத்தாயிற்று. யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்புகிற அவசரம்.

அறிக்கையில் நிரப்பாமல் ஒரு கட்டம் மிச்சமிருந்தது. 'இந்த மாடலுக்கு ஒப்புதல் அளித்தவர்.'

"வேண்டாம்மா," என்றார் மேலதிகாரி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

இனிஷியலோடு, யார் பார்த்தாலும் படிக்க வரும்படி நிறுத்தி நிதானமாக, அவள் தன் பெயரை எழுதினாள்.