வகுப்பில் இல்லாத பிள்ளை

"அம்மா, ட்ரான்ஸ்பர் கிடைச்சிட்டுது!"

சுஜீதன் போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிவந்தான். புட்டு அவித்துக்கொண்டு நின்ற ரஞ்சினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"உண்மையாவோ? வடிவா வாசிச்சனியோ?"

"ஓமம்மா. கம்பியூட்டர் சயன்ஸ்தான். பெப்ரவரியில இருந்து அங்கைதான்."

"அப்பனே முருகா!" என்று அடுப்பை நிற்பாட்டினாள். "இனி எனக்கு ஒருத்தருக்கும் பயமில்லை!"

பயம் ஏன் என்றால், விசயம் இதுதான். போன வருசம் எச்.எஸ்.சி. என்கிற பன்னிரண்டாம் வகுப்புச் சோதனை முடிவு வந்தபோது சுஜீதனுக்கு ஊரெல்லாம் பேர்போன அந்தப் பெரிய யூனிவர்சிட்டி கிடைக்கவில்லை. மூன்றே மூன்று புள்ளி குறைவு. வேறொரு யூனியில் சேர்ந்தான். அதுவும் அரசாங்க யூனிதான், இதுவும் அரசாங்க யூனிதான். ஆனால் எங்கடை சனத்துக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலுமோ?

அதைவிடக் கொடுமை, முடிவு வருவதற்கு முதலே ரஞ்சினி கோயிலில் வாயை விட்டுவிட்டாள். "மகனுக்குப் பெரிய யூனிதான், கம்பியூட்டர் சயன்ஸ்தான்" என்று. சொன்னதை விழுங்க மனம் வரவில்லை. அந்த யூனியின் பேர் போட்ட தடித்த குளிர் ஜம்பர் ஒன்றை வாங்கி, கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைக்கு மாட்டிவிட்டாள். தைப்பொங்கலன்று, இந்த நாட்டுக் கோடையின் முப்பத்தெட்டு டிகிரி வெயிலிலும் பாவம் அவன் அந்த ஜம்பரோடுதான் வேர்த்துக்கொண்டு நின்றான்.

ஒரே வழிதான் இருந்தது. முதல் வருசம் நல்ல புள்ளி எடுத்து, அந்தப் பெரிய யூனிக்கு மாறிப் போகவேண்டும். நூற்றுக்கணக்கில் கேட்பார்கள், கொஞ்சப் பேரைத்தான் எடுப்பார்கள். அதற்குள் குட்டு வெளிப்படாமல் இருக்கவேண்டும்.

ரஞ்சினிக்குத் தெரிந்து, குட்டை உடைக்கக் கூடிய ஆள் ஒருத்திதான். இரண்டு தெரு தள்ளியிருக்கிற பத்மா. அவளுடைய மகள் தாட்சாயினி உண்மையாகவே அந்த யூனியில், அதே படிப்பில் இருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமோ?

பயந்த மாதிரியே ஒரு நாள் நடந்தது. கோயில் பழக்கமான சிவகௌரியின் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில், பத்துப் பேருக்கு நடுவில் சிவகௌரி கேட்டாள்:

"ரஞ்சினி, என்ரை பெறாமகன், தங்கச்சியின்ரை மகன், அவனும் உங்கடை மகன்ரை வகுப்புத்தானாம். ஆனால் சுஜீதனை ஒரு நாளும் காணேல்லை எண்டெல்லோ சொல்லுறான்?"

ரஞ்சினி வாய் திறக்க முதலே பத்மா ஒரு சிரிப்போடு குறுக்கே விழுந்தாள்.

"ஏன் காணேல்லை? என்ரை மகள் கிழமைக்கு மூண்டு தரம் சுஜீதனைக் காணுறவள்."

நக்கல்! எலியைப் பிடித்த பூனை மாதிரி விளையாட்டுக் காட்டுகிறாள் என்று ரஞ்சினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றோடு பத்மாவின் முகத்தில் முழிப்பதில்லை. மகனுக்கும் சட்டம் போட்டாள்: "அந்தப் பெட்டையோட ஒரு கதை பேச்சும் வைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்!"

இன்றைக்கு விடுவாளோ?

"சப்பாத்தைப் போடு. பத்மா வீட்டுக்குப் போறம்."

"வேண்டாமம்மா..."

"நீ வாயைப் பொத்திக்கொண்டு வா!"

பெல் அடித்ததும் பத்மாதான் கதவைத் திறந்தாள். "வாங்கோ ரஞ்சினி" என்றாள். ரஞ்சினி படி ஏறவே இல்லை.

"நான் இருக்க வரேல்லை. ஒண்டு சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான். சனத்துக்கு முன்னால என்னை நக்கலடிச்சனீங்கள் என்ன? இப்ப உங்கடை மகளிட்டைச் சொல்லுங்கோ, பெப்ரவரியில இருந்து வகுப்பில கண்ணைத் திறந்து பாக்கச் சொல்லி. என்ரை பிள்ளை முன் வரிசை வாங்கில இருப்பான்!"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தாள். ஐயையோ! இவ்வளவு காலமும் அவன் அங்கே இல்லை என்று தன் வாயாலேயே அல்லவா சொல்லிப்போட்டாள்!

ஆனால் பத்மாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"கிடைச்சிட்டுதோ? தாட்சா! பிள்ளை, ஓடிவா! சுஜீதனுக்குக் கிடைச்சிட்டுதாம்!"

தலை துவட்டிய துவாயோடு ஓடிவந்த தாட்சாயினி, சுஜீதனின் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். "நான் சொன்னனான்தானே!"

ரஞ்சினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன நடக்குது இங்கை?"

சுஜீதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அம்மா, கிழமைக்கு மூண்டு நாள் பரமட்டா லைப்ரரிக்குப் போறனான்தானே. அங்கை எனக்கு புரோகிராமிங்கும் மற்ஸும் சொல்லித் தந்தது தாட்சாதான். நீங்கள் பேசுவீங்கள் எண்டுதான் சொல்லேல்லை."

கிழமைக்கு மூன்று தரம். அப்படியென்றால் பத்மா அன்றைக்குச் சொன்னதில் நக்கலும் இல்லை, பொய்யும் இல்லை. ரஞ்சினிக்கு வெட்கத்தில் காது ரெண்டும் சுட்டது.

"பத்மா, உங்களுக்கு... எப்ப தெரியும்?"

"அதை விடுங்கோ. உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று பத்மா உள்ளே திரும்பிவிட்டாள்.

தாட்சாயினிதான் சொன்னாள்.

"முதல் கிழமையே நான் அம்மாட்டைச் சொல்லிப்போட்டன் அன்ரி, சுஜீதன் எங்கடை வகுப்பில இல்லை எண்டு. அதுக்கு அம்மா சொன்னவ: 'வெளியில மூச்சு விடாதை. ரஞ்சினி சொன்னது பொய்யாப் போகக்கூடாது. போய் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்குடு.'"