கருவாட்டுக்குப் போன லொறி

மன்னார்ப் பாலத்தில் ஏறியபோது பைஸருக்குக் கண் சொருகியது. வீரய்யா அவன் தொடையில் அழுத்தி ஒரு கிள்ளுக் கிள்ளினான்.

பைஸர் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

முந்தின நாள் மத்தியானம் கொட்டகலை பஜாரில் கிளம்பிய லொறி, கண்டி, தம்புள்ளை, அனுராதபுரம் என்று உருண்டு உருண்டு தீவின் மறுகோடிக்கு வந்துவிட்டது. லொறி பைஸரின் வாப்பாவுடையது. மன்னாரில் கருவாடு மலிவாம், ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று கடையில் ஒரு புளுகு புளுகிவிட்டுச் சாவியை எடுத்திருந்தான்.

யாரும் திட்டம் போட்டுக் கிளம்பவில்லை. தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த வீரய்யாவும் அழகனும் சேதி கேட்ட கோலத்திலேயே ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். மலைக் குளிருக்கு மாட்டிய கம்பளிக் கோட்டு இன்னும் உடம்பில்தான் இருந்தது. மன்னார் வெயிலில் அழகன் அவிந்துகொண்டிருந்தான். கழற்றித் தொலையேன் என்றால், உள்ளே சட்டை போடவில்லை என்றான்.

வேறு நேரமாக இருந்தால் இதற்கே ஒரு வாரம் சிரித்திருப்பார்கள்.

கூட்டாளிகள் நாலு பேர். நாலாமவன் சிவசாமி. அவனைப் பிடிக்கத்தான் இந்த ஓட்டம்.

சிவசாமி இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவன். இங்கே தங்குவதற்குக் கொடுத்த தவணை இன்றோடு முடிகிறது. இன்றைய கப்பலில் ஏறாவிட்டால் கள்ளத்தோணி என்று பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். அதனால் நேற்று விடிகாலையில் பெண்சாதி பிள்ளைகளோடு ரயிலேறிவிட்டான்.

படுத்த படுக்கையாகக் கிடந்த தாய் பேச்சியம்மாவைக் கூட்டிப்போக வழியில்லை. அவளுக்கு அவன் ஒரே பிள்ளை. லயம் என்கிற வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் இருந்த வீரய்யாவின் மனைவி நாகலெட்சுமியிடம்தான் அவளை ஒப்படைத்தான். ராத்திரியெல்லாம் இருமி இப்போதுதான் கண்ணயர்ந்தாள், வெயில் ஏறும்வரை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெயில் ஏறியதும் நாகலெட்சுமி கஞ்சியோடு போய்த் தொட்டுப் பார்த்தாள். கிழவி சில்லிட்டுக் கிடந்தாள்.

சாவுக்குக் கொட்டிய தப்புச் சத்தம் கேட்டு லயமே கூடிவிட்டது. பெற்றவளுக்குப் பிள்ளைதான் கொள்ளிக்குடம் உடைக்க வேண்டும், அவன் வராமல் எடுக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். குளிர் பூமிதானே, மறுநாள் பொழுது சாயும்வரை தாங்கும் என்றார்கள். அவ்வளவுதான், லொறி கிளம்பிவிட்டது.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசனையே வந்தது.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்றான் அழகன். சொன்னால் திரும்பி வருவான், வந்தால் ஜெயில், பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கம் யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்றான் பைஸர். கண்டியில் தொடங்கிய இந்த வாக்குவாதம் மதவாச்சியில் ஓய்ந்தது. ஓய்ந்ததே தவிர, தீரவில்லை. சொல்வதோ மறைப்பதோ, அதை வீரய்யா செய்யட்டும் என்று இருவரும் அவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

சின்ன வயதில் பேச்சியம்மா கையால் ரொட்டி வாங்கித் தின்றவன் அவன். அதை நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை முட்டியது. அழக்கூட முடியாத அசதி.

தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் நின்றது. மூட்டை முடிச்சுகளோடு சனங்கள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வாழ்நாளில் முதன்முதலாகக் கடலுக்குப் பக்கத்தில் வந்த அழகன் கடலைப் பார்க்கவே இல்லை.

சிவசாமிதான் அவர்களை முதலில் கண்டான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கம்பி வேலி ஓரமாக வந்தான். எப்படிடா வந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஆச்சரியப்படக்கூட இல்லை.

வீரய்யா வாயைத் திறந்தான்.

வியர்வை துடைக்கச் சிவசாமி துண்டை அவிழ்த்தான்.

தலை மொட்டையாக இருந்தது. மீசையும் இல்லை.

நேற்று விடிகாலையில், அந்தக் காம்பராக் கதவைச் சாத்தும்போதே அவனுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லியிருந்தால் தப்புக் கொட்டியிருப்பார்கள், லயம் திரண்டிருக்கும், சாவு வீட்டிலிருந்து அவனை ஒருவரும் போகவிட்டிருக்க மாட்டார்கள். கப்பல் போயிருக்கும். செத்துக் கிடந்தவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டு, உறங்கிய பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறான் பாவி. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலில் வாயைத் திறக்காமல் வந்திருக்கிறான்.

வீரய்யாவுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. நடுவில் வேலி.

சிவசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக் கேட்டான்.

"யாருடா குடம் ஒடச்சது?"

யாரும் உடைக்கவில்லை. நாகலெட்சுமி தலைமாட்டில் விளக்கு வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறாள். கிழவி மகனை எதிர்பார்த்து இன்னும் லயத்து வாசலில்தான் கிடக்கிறாள்.

பைஸர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான்தான்டா," என்றான் வீரய்யா. "நேத்தே நல்லபடியா எடுத்துட்டோம். நீ போ."

சிவசாமி வேலிக்குள்ளிருந்து கையை நீட்டி, வீரய்யாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வரிசை நகர்ந்தது. அவன் பெண்சாதி கூப்பிட்டாள்.

கப்பல் கிளம்பும்வரை அவர்கள் நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர முடியுமா என்று வீரய்யா கேட்டான். பைஸர் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு லொறியில் ஏறினான்.