சீஸ் ஆலை முக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கிராம சபைக் கூட்டத்தில் உறுப்பினர் கிளைட் முன்மொழிந்தார்: "சீஸ் ஆலை முக்குல வண்டியெல்லாம் நின்னு போக ஒரு பலகை வைப்போம்."

வழிமொழிய ஒரு கைகூட எழவில்லை. தீர்மானம் அங்கேயே விழுந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் கிளைட்டின் நாற்காலி காலி. அவர் மனைவி லோர்னா முன்வரிசையில் இருந்தாள்.

"சீஸ் ஆலைத் தெருவுக்கே கிளைட் பேரு வைக்கிறோம்," என்றார் தலைவர் மெர்வின். வழிமொழியப் போட்டி போட்டுக் கைகள் எழுந்தன.

லோர்னா எழுந்தாள். "அன்னைக்கு இந்தக் கையெல்லாம் எங்கய்யா போச்சு? கம்பம் நட்டா ஊர் அழகு கெடும்னியே, மெர்வின்?"

"கோவப்படாத லோர்னா. இது அவனுக்கு நாங்க செய்யுற மரியாதை."

முக்கில் கம்பம் நட்டுக் கிளைட்டின் பெயரை மாட்டினார்கள்.

தீர்மானம் விழுந்த அன்று கூட்டம் முடிந்து நடந்துவந்த கிளைட்டைப் பால் லாரி அடித்துப் போட்டதும் அங்கேதான். இன்றும் அந்த லாரிகள் வேகம் குறைப்பதில்லை.